வெற்று எடை

பெருவிரல் நகத்தை ஒட்ட வெட்டியாயிற்று.
போன மாதம் சுவரில் இடித்துக் கறுத்தது,
இன்னும் பாதி மீதமிருக்கிறது.

பீசாங் மாஸ் ஒரு சீப்பு,
வியாழக்கிழமை பாகாவ் சந்தையில்
காயாகப் பார்த்து வாங்கியது.
நாளை விடிய மஞ்சளாகிவிடும்.
நீச்சல் கண்ணாடி இரண்டு. உள்பக்கம்
குழந்தை ஷாம்பூ ஒரு சொட்டு தடவி அலசிவிட்டேன்.
அக்குளுக்கும் கழுத்துக்கும் வாசலின் டப்பா.
பார்லித் தண்ணீரில் உப்பு கூடிவிட்டது.
பரவாயில்லை.
தலைக்கு இன்று எண்ணெய் வைக்கவில்லை.
தலையணையில் வேறு யாரோ படுத்து எழுந்ததுபோல் வாசம்.

ஐயாயிரம் மீட்டர்.
இருபத்தைந்து மீட்டர்க் குளம்.
இருநூறு தடவை
அதே சுவர், அதே நீல ஓடு,
நான்காம் தடத்தில் பெயர்ந்துபோன அந்த ஒரே ஓடு.
"கடலைத் தாண்டினாலும் ஒரு பேரு" என்கிறாள் தங்கை கோமளவல்லி,
"ஒரே தொட்டிக்குள்ள போயிட்டுப் போயிட்டு வர்றதுக்கா
அறுபது வெள்ளி கட்டின?"

எண்ணுவதற்கு ஆளை
அவரவரே கூட்டிவர வேண்டும் என்றது பதிவுத் தாள்.

பத்தொன்பது வருடமாகச்
செம்பனை ஆலையின் எடைமேடையில் உட்கார்ந்து
ஊருக்கு எண்ணுகிறவள் நான்.
பழத்தோடு வரும் லாரி ஓர் எடை,
கொட்டிவிட்டுத் திரும்பும் லாரி ஓர் எடை,
கழித்தால் பழம்.
எனக்கு எண்ண யார் இருக்கிறார்கள்?
கோமளா பத்தாவது தடவைக்குள் கைப்பேசியை எடுத்துவிடுவாள்.
மகன் சிங்கப்பூரில். ஞாயிறும் ஓவர்டைம்.

யோசித்துப் பார்த்ததில்
இந்த ஊரிலேயே என்னை நம்பாத ஒரே ஆள்
தங்கையா.
பச்சை லாரி, ஒரு கதவு மட்டும் சிவப்பு.
பத்துக் கிலோ குறைந்தால்
பின்னால் ஒன்பது லாரி ஹாரன் அடிக்க அடிக்க
என் ஜன்னலைத் தட்டிக்கொண்டு நிற்கிற மனிதர்.
"மழைத்தண்ணி எடைய ஏம்மா கழிக்கிற?"
பதினோரு வருடச் சண்டை.

அவரைத்தான் கேட்டேன்.
"எனக்கு நீச்சல் தெரியாதே."
"எண்ணத் தெரியுமே."

போன ஞாயிறு ஒத்திகைக்கு வந்தார்.
கட்டம் போட்ட நோட்டு,
ரப்பர் சுற்றிய மூக்குக் கண்ணாடி.
போனால் ஒன்றா, போய்வந்தால் ஒன்றா?
சுவரைத் தொடாமல் திரும்பினால் கழித்துவிடவா?
நடுவில் செத்துகித்துப் போனால் யாரிடம் கையெழுத்து?
மூன்றையும் எழுதியே கொண்டுவந்திருந்தார்.

அன்று நான் நின்றது முப்பத்தெட்டில்.
"நாப்பது" என்றார் கரையிலிருந்து.
"முப்பத்தெட்டு."
"நாப்பது. கோட்டைப் பாரு."
ஐந்தைந்தாய்க் கட்டிய எட்டு விறகுக் கட்டு.
மூக்கில் தண்ணீர் ஒழுக ஒழுகச் சண்டை போட்டேன்,
பழக்கம்.
வீடு திரும்பும் வழியில் பாலத்தருகே
மோட்டாரை ஓரம் கட்டி
நேரத்தை வகுத்துப் பார்த்தேன்.
கடிகாரமும் அவர் பக்கம்தான்.

அப்படியானால் இரண்டு தடவை
எனக்குத் தெரியாமல் நான் நீந்தியிருக்கிறேன்.
எங்கே இருந்தேன் அப்போது?
எண் இல்லை. ஹாரன் இல்லை.
தோள் வலித்ததாகக்கூட நினைவில்லை.
ஐம்பது மீட்டர்,
கொட்டிவிட்டுத் திரும்பும் லாரி.

இதை அவரிடம் சொல்லவில்லை.
சொன்னால்
பதினோரு வருடத்துக்கும் சேர்த்துக் கேட்பார்.

மணி பத்தரை.
செர்திங் பக்கம் எங்கோ இடி.
காலையிலும் மின்னினால் விசில் ஊதி
எல்லாரையும் கரையேற்றிவிடுவார்கள்.
கைப்பேசி வெளிச்சம். தங்கையா:
"பேனா ரெண்டு எடுத்துட்டேன்.
மழைக்கு பென்சில் ஒன்னு.
ஆறு மணிக்கு வாசல்ல லாரி."

லாரியா என்று எழுதப் போய்
அழித்துவிட்டேன்.
எழுந்துபோய்
பார்லியை இன்னொரு வாய் குடித்துப் பார்க்கிறேன்.
உப்புதான்.