பிஜுவின் கார்

இங்கே ஞாயிறு வெள்ளிக்கிழமையில் வருகிறது.
அந்த வெள்ளி நாங்கள் ஆராதனைக்குப் போகவில்லை.
ருவியில் பாஸ்டர் வேதத்தைத் திறந்திருக்கும் நேரம்
அமராத் மலைப்பாதை இறக்கத்தில்
ப்ரேக்கை விடாமல் மிதித்தபடி
வாய்க்குள் ஜெபித்துக்கொண்டிருந்தார் கிறிஸ்துதாஸ்.
நான்காவது முறையில் கிடைத்த லைசென்ஸ்.
கார் பிஜுவினுடையது.
பெட்ரோல் எங்களுடையது.
கீறல் விழுந்தால் அதுவும்.

நான் வந்து ஐந்து வாரம்.
ஐந்து வாரமும் ஜன்னலில் பார்த்தது
எதிர்க் கட்டடத்து ஏசிப் பெட்டிகள்,
முப்பத்தெட்டு.
ஒன்றின்மேல் புறா முட்டையிட்டிருக்கிறது.
எந்த மாடி என்றுகூடச் சொல்வேன்.

இவர் வந்து பதினான்கு மாதம்.
ஃபோனில் சொல்வார்,
"நல்ல ஊரு. மலை இருக்கு, கடல் இருக்கு,
எல்லாம் கிட்டக்கதான்."
ஒருமுறை படம்கூட அனுப்பினார்:
கோட்டை, கீழே நீலக் கடல்,
வானத்தின் உச்சியில் கறுப்பாக ஒரு பறவை.
தூத்துக்குடி ரேஷன் கடை வரிசையில் நின்று
அந்தப் பறவையைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன்.

"மலை ஏன் ஒண்ணுமே உடுத்தல?"
பின்சீட்டில் எப்சிபா.
ஆடுகளை எண்ணிக்கொண்டு வந்த ரூபன்
பதினொன்றில் தூங்கிப்போனான்.

ரவுண்டானாவை மூன்று முறை சுற்றினோம்.
பூத்தையல் தொப்பி வைத்த ஒருவர்
காரை ஓரங்கட்டி இறங்கி வந்து
எங்கள் முகத்தைப் பார்த்து இந்தியில் வழி சொன்னார்.
இவர் "அச்சா, அச்சா" என்றார்.
"என்ன சொன்னாரு?"
"நேரா."
நேராக ஒரு கழுதை நின்றது.

"இந்தப் பக்கம் வந்ததில்லையா நீங்க?"
"வந்திருக்கேனே. ராத்திரியில.
கம்பெனி வண்டியில."

குரியாத் வந்ததும் கடல் எங்கே என்று தெரியவில்லை.
கண்ணாடியை இறக்கச் சொன்னேன்.
பிறகு என் மூக்குதான் ஓட்டியது,
பள்ளிவாசல் தாண்டி வலம்,
வலை காயும் சந்து,
படகுகள்.

தராசில் கிடந்த மீனைச் சீலா என்றேன் நான்.
மீன்காரர் வேறொரு பேர் சொன்னார்.
அது இரண்டுக்கும் வாயைத் திறந்தே வைத்திருந்தது.
இரண்டு ரியாலுக்கு மேல் தரமாட்டேன் என்று
விரலால் சொல்லி
விரலால் ஜெயித்தேன்.

திரும்பினால் இவரைக் காணவில்லை.

பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டி,
சாக்ஸை மடித்து ஷூவுக்குள் வைத்து,
ரெசிடென்ட் கார்டு இருந்த சட்டைப் பையை
ஒரு கையால் பொத்திக்கொண்டு
தண்ணீரில் நிற்கிறார்.
அலை போகிறது, வருகிறது.
பிள்ளைகள் இருபுறமும் இழுக்கிறார்கள்.
அவருக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் போய் நின்றேன்.
ஒன்றும் கேட்கவில்லை நான்.

"ரூமுக்கும் சைட்டுக்கும் நாப்பது நிமிஷம்" என்றார்.
"வெள்ளிக்கிழமை துணி துவைக்கணும்,
அரிசி வாங்கணும்,
உனக்குப் பேசணும்."

"அப்ப அந்தப் படம்?"

"மெஸ் சுவத்துல காலண்டரு."

பறவை இல்லை.
ஆணி.

முட்டைப் பொரியலும் சப்பாத்தியும்
காற்றில் பறந்த மணலோடு தின்றோம்.
எப்சிபாவுக்கு ஒரு செருப்பு போயிற்று.
ஃபோனைக் கொடுத்து இவர் என்னிடம் சொன்னார்,
"ஒண்ணு எடு.
பிள்ளைங்க வேண்டாம், நான் மட்டும்."
எடுத்தேன். கண்ணை மூடிவிட்டார்.
இன்னொன்று எடுத்தேன், அதிலும்.

ஐஸ் இல்லாமல் மீன் ஊர்திரும்பும் என்பதை
இருவருமே யோசித்திருக்கவில்லை.
இரவு பதினொன்றரை.
வாடி கபீர், பார்க்கிங்.
செல்போன் வெளிச்சத்தில் டிக்கிக்குள் தலைவிட்டு
எலுமிச்சந்தோலால் தேய்க்கிறோம்.
மேல்மாடியில் யாரோ விளக்கைப் போட்டு அணைக்கிறார்கள்.

"பிஜு கேட்டா என்னன்னு சொல்ல?"

"கடலுக்குப் போனேன்னு சொல்லுங்க" என்றேன்,
"இன்னும் அந்த மூலையில ஈரம் இருக்கு பாருங்க."