பூர்வீகக் குறிப்பு

பங்குனிக் கடைசியில் ஒரு காலை
மாலி நாட்டு மான்தலைக்குக் கீழே
அரைச் சிட்டிகை மாவு கிடந்தது.
துடைத்தேன்.
மறுநாளும் கிடந்தது.
உளு.

பெல்ஜியத்தில் யாரோ செத்த வீட்டு ஏலத்தில் எடுத்தது அது.
மூன்று மாதச் சம்பளம், அப்புறம்
மீனம்பாக்கத்தில் சுங்கத்துக்காரர் கேட்ட
'இது எதுக்கு சார்?'
முன்னதைக் கட்டிவிட்டேன்.
பின்னது பாக்கி.

பல்செட் செய்வது என் பிழைப்பு.
பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில்
இருபத்தாறு வருஷமாக
அந்நியர் வாய்களை மெழுகில் பார்க்கிறேன்.
முகமூடி ஒன்று வந்திறங்கினாலும்
முதலில் பல்லைத்தான் பார்ப்பேன்.
மெக்சிகோச் சிறுத்தைக்குப் பன்றிப் பல், நிஜம்.
பொலிவியப் பிசாசுக்குக் கண்ணாடிச் சில்லு
(அது பிளாஸ்டர், உளு தொடாது).
சிங்களக் கரையோரம் செதுக்கிய செவிட்டுச் சன்னி
நோய் விரட்ட ஆடுவது;
வேலூரில் அதற்கு வேலை இருக்குமென்று வாங்கினேன்.
நைஜீரியக் கிழவனுக்கு மேல்வரிசையில் ஒன்று குறை.
செய்துபோடக் கை அரிக்கும்.
போட்டால் விலை பாதி.
சும்மா இருக்கக் கற்றதற்கே
எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று.

ஏலக்காரருக்கு எழுதிக் கேட்டேன்.
உறைய வையுங்கள், பதினைந்து நாள், என்றார்.
காட்பாடி ஐஸ்கிரீம் கிடங்கு ஜனார்த்தன நாயுடு
போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
'பசங்க சாப்பிடற பொருள் வெக்கிற எடம்' என்றார்.
கடிதத்தின் கடைசி வரியில் வேறு வழியும் இருந்தது:
அல்லது சூடு, ஐம்பத்தைந்து டிகிரி;
ஆனால் அது கிடைப்பது அரிது.

ராஜா இல்லாத கோட்டை,
தண்ணீர் இல்லாத ஆறு,
மரம் இல்லாத மலை என்று
இல்லாதவற்றால் பேர்வாங்கிய ஊர் இது.
இருப்பதை இதுவரை ஒருத்தரும்
கடிதம் போட்டுக் கேட்டதில்லை.

கத்திரி பிறந்த நாலாம் நாள்
சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு மொட்டை மாடியில்
பதினோரு முகங்களைக்
கறுப்புத் தார்ப்பாயில் சுற்றிக் கிடத்தினேன்.
உள்ளே ஒரு தெர்மாமீட்டர்.
இரண்டாம் மாடி கோமளவல்லி
மோர்மிளகாய் முறத்தோடு ஏறிவந்து
மூட்டையைப் பார்த்து நின்றார்.
'யாரு?'
'யாருமில்லீங்க. பூச்சி.'
'அப்ப நல்லா காயட்டும்' என்று
தன் நிழல் விழாத பக்கமாக உட்கார்ந்தார்.

ஒரு மணிக்கு நாற்பத்தொன்பது.
இரண்டுக்கு ஐம்பத்துமூன்று.
கானலில் மலை நெளிந்தது.
என் செருப்பில் பசை விட்டது.
எது எப்படிச் சாகிறதென்று
தார்ப்பாயில் காது வைத்தேன்; சுட்டது.
மூன்றுக்கு ஐம்பத்தாறு.
அப்போது ஒரு 'டப்'.
தாழ்ப்பாள் விழுகிற மாதிரி, சின்னதாக.

பிரிக்கவில்லை.
ஐந்து மணிவரை
தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தேன்.

சிறுத்தைக்குத்தான்.
நெற்றியிலிருந்து இடது நாசிவரை பிளவு.
இத்தனை வருஷ மழையும் கப்பலும் செய்யாததை
ஒரு மத்தியானம் செய்துவிட்டது.
நோட்டை எடுத்தேன்.
'தெற்கு மெக்சிகோ, சுமார் 1930.
பிறகு ஒரு பாதிரியார்.
பிறகு லிஸ்பனில் ஒரு விதவை.
பிறகு நான்.
விரிசல்: சத்துவாச்சாரி, மே ஏழு.'

மாவு அப்புறம் விழவில்லை.

நோட்டில் சேர்க்காதது ஒன்று.
பிரித்துவைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க இறங்கிய நேரத்தில்
காற்றில் உருண்டதோ,
திருஷ்டிக்கென்று கோமளவல்லியே வைத்தாரோ,
சிறுத்தையின் கடைவாயில் செருகியிருந்தது
ஒரு மோர்மிளகாய்.
எடுத்துவிட்டேன்.
சூட்டில் விரிந்த மரம்
வாசனையை விடவில்லை.

எனக்குப் பிறகு இதை ஏலத்தில் எடுப்பவன்
மூக்கருகே பிடித்துப் பார்ப்பான்,
நாங்கள் எல்லோரும் செய்வதுதான்.
புளித்த மோர், உப்பு, லேசாகப் பெருங்காயம்.
எந்த மழைக்கு, எந்தச் சாமிக்கு என்று யோசித்து
ஒரு பக்கம் நிறைய எழுதுவான்.

எழுதட்டும்.