கழிவு, ஒன்று

லாபியில் இருபத்துநான்கு வெள்ளை ஆர்க்கிட்டுகள்.
கடைசிப் பூ சாய்ந்த அன்றே
தொட்டியோடு கறுப்புப் பைக்குள் போய்விட வேண்டும்.
பூவில்லாத செடி
விருந்தினர் கண்ணில் படக்கூடாது.
பின்வாசலில் திரிலோக் சிங் கேட் பாஸ் எழுதினார்:
பொருள், கழிவு. எண்ணிக்கை, ஒன்று.
எடுத்துச் செல்பவர் என்ற இடத்தில்
என் பெயரைப் பிழையாக எழுதினார்.
திருத்தவில்லை நான்.

முனிர்க்காவில் மூன்றாவது மாடி,
ஒரே ஜன்னல், கிழக்கு.
கை நீட்டினால் எதிர்வீட்டுச் சுவர்.
ஏழு நாற்பதிலிருந்து எட்டேகால் வரை
வெயில் ஒருக்களித்து உள்ளே வரும்.
அதற்கு அது போதும்.

தொட்டியைக் கவிழ்த்தேன்.
பாசிக்குள் வேர்கள்
கொதிக்கவிட்டு மறந்த சேமியா.
அழுத்தினால் தோல் கழன்று
நரம்பு மட்டும் விரலில் நின்றது.
கத்தரியை அடுப்பில் காட்டி
பதினோரு வேரில் எட்டை வெட்டினேன்.
வெட்டிய வாயெல்லாம் பட்டைப்பொடி.
அறை பிரியாணி வாசம் அடிக்கிறது என்றாள் ஸோரமி.
"எங்கள் பக்கம் இது மரத்தில் தானாக இருக்கும்,
யாரும் வைத்தியம் பார்ப்பதில்லை."
சொல்லிவிட்டு
கத்தரியைக் கழுவி வைத்தவளும் அவள்தான்.

மண் ஆகாது.
இஸ்திரி வண்டி பிரகலாதிடம் அணைந்த கரி,
இடிக்கிற வீட்டிலிருந்து செங்கல் சல்லி,
இளநீர்க்காரன் வீசிய மட்டை.
பிடித்துக்கொள்ள ஏதாவது,
மூச்சுவிடக் கொஞ்சம் சந்து.

தண்ணீர்தான் வம்பு.
டேங்கர் தண்ணீர் வேரில் உப்புக் கட்டியது.
மேல்வீட்டு ஏசி நம் ஜன்னலில் சொட்டுகிறதென்று
போன மே மாதம் படியேறிச் சண்டை போட்டவள் நான்.
இந்த மே மாதம்
அதே சொட்டுக்கு வாளி வைத்தேன்.
கரண்ட் போன இரவுகளில்
மேல்வீட்டாருக்காகக் கவலைப்பட்டேன்.
லூ வீசிய ஜூனில் கூலருக்கு முன்னால் அது,
பக்கவாட்டில் நான்.
ஜனவரியில் குளியலறைக் கொக்கியில் தொங்கவிட்டு
அது பார்க்கக் குளித்தேன்.
என் வெந்நீர் ஆவி அதற்கு மழைக்காடு.
வேர் பச்சையென்றால் குடித்திருக்கிறது,
வெள்ளியென்றால் தாகம்.
இத்தனை வெளிப்படையாக
என்னோடு யாரும் வாழ்ந்ததில்லை.

மார்ச்சில் அடி இலைக்குக் கீழே ஒரு முனை.
பூந்தண்டா, வேரா?
இருநூறு ரூபாய்ப் பந்தயம்.
பூந்தண்டு என்றேன் நான்.
வருஷத்துக்கு நானூறு பூந்தண்டுகளைத் துடைக்கிறவள்.
ஆனால் அவை பூவோடுதான் லாரியிலிருந்து இறங்கும்,
முளைப்பதைப் பார்த்ததில்லை.

மூன்று வாரம்.

வேர்.

தொட்டியைச் சட்டை செய்யாமல்
காற்றில் துழாவித் துழாவி
ஜன்னல் கம்பிக்குப் போய்ச் சேர்ந்தது.
துருவின் மேல் தட்டையாகி
பல்லியின் உள்ளங்கால் போல் ஒட்டிக்கொண்டது.

ஜூலையில் டோக்கஸ் படியேறி வந்தார்.
பதினோரு மாத ஒப்பந்தம் முடிகிறது.
மூவாயிரம் கூட, இல்லையேல் சாவி.
ஸோரமி மெஹ்ரோலியில் அறை தேடத் தொடங்கினாள்.
நான் நகத்தால் மெல்ல நெம்பினேன்.
பெயிண்ட் உரிந்தது, துரு உதிர்ந்தது,
அப்புறம் வேர் கிழிந்தது.
விட்டுவிட்டேன்.
வெட்டினாலும் பிழைக்கும்,
எட்டை வெட்டியவளுக்குத் தெரியாதா.

"இந்த ஒரு கம்பி மட்டும் என்ன விலை?"
டோக்கஸ் சிரிக்கவில்லை.
குனிந்து வேரைப் பார்த்தார்,
கம்பியைத் தட்டிப் பார்த்தார்.
"பூக்குமா?"
"தெரியாது."
"ஆயிரத்து ஐந்நூறு" என்றார்.
கம்பிக்கா வாடகைக்கா என்று
நாங்கள் கேட்கவில்லை.

ஜனவரிக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.
குளியலறையைத்தான்
ஜன்னலுக்குக் கொண்டுவர வேண்டும்.