பல் தெரிய

விண்ணப்பத்தில் ஒட்டிய போட்டோவில்
என் வாய் மூடியிருந்தது.
எல்லாப் போட்டோவிலும் அப்படித்தான்.
சுற்றுச்சூழல் பொறியியல், டிப்ளமோ, மூன்று வருஷம்,
எழுபத்தெட்டு சதவீதம்.
அதற்குப்பின் பதினாறு மாதம்
புதுவயல் பக்கம் அரிசி ஆலைகளின் கேட்டில்
கவரை நீட்டிக்கொண்டு நின்றேன்.
"டெக்னீசியனா? கரண்டு வேலையா?" என்றார் ஒருவர்.
"சுற்றுச்சூழல்னா மரம் நடுறதா?
இங்க எடமில்லையேம்மா" என்றார் அடுத்தவர்.
மூன்றாமவர் நல்ல மனுஷர்.
நெல் ஊறிய தண்ணீர் வாடையில் நிறுத்தாமல்
உள்ளே நாற்காலி போட்டு
கணக்கு எழுத வருவியா என்று கேட்டார்.

சென்னைக்குப் போ என்றார்கள்.
கூடப் படித்த ஷாகிரா பானு போனாள்.
ஒரு கார் கம்பெனியில் கழிவுநீர் பார்க்கிறாள்.
ஹாஸ்டலில் ஒன்பது பேருக்கு ஒரே பாத்ரூமாம்.

காரைக்குடி செக்காலை ரோட்டில்
பேட்டரிக் கடை மாடியில் அந்த ஆய்வகம்.
படியேறும்போதே ஆசிட் நெடி,
கடையிலிருந்தா மேலேயிருந்தா தெரியவில்லை.
திரவியம் சார் பாடத்திலிருந்து எதுவும் கேட்கவில்லை.
"வண்டி ஓட்டுவியா?"
தலையாட்டினேன்.
"லைசென்ஸ்?"
இருக்கு சார் என்று வாய் திறந்தபோது
பார்த்துவிட்டார்.
மேல்வரிசையில் நாலு பல்,
பித்தளைக் குடத்தில்
புளி படாமல் விட்ட இடம் போல.
"ஆவந்திவயல் பக்கமா?"
என் ஊரை அவரே சொன்னார்.
மார்க் ஷீட்டை மூடிவைத்தார்.
"திங்கக்கெழமை வா.
பதினோரு மாசக் கான்ட்ராக்ட். பன்னெண்டாயிரம்.
பெட்ரோல் தனி.
தனின்னா, லேட்டாகும்."

இருபது வருஷமாக உதட்டுக்குள் மடித்துவைத்த சான்றிதழ்
ஒருவழியாகச் செல்லுபடியானது.

டி.வி.எஸ். ஃபிஃப்டியின் முன்னால் ஐஸ் பெட்டி.
கண்டனூர் தாண்டினால் பிள்ளைகள் துரத்தும்:
"அக்கா, சேமியா ஐஸ்!"
நிறுத்தித் திறந்து காட்டுவேன்.
ஊருணித் தண்ணீர், குழாய்த் தண்ணீர்,
கைப்பம்புத் தண்ணீர்.
"இத யாரு வாங்குவா?" என்றான் ஒரு பொடியன்.
அவனுக்கும் பல் அப்படித்தான்.

ஒரு பெரிய வீடு.
வாசல் ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில்.
பின்கட்டில் முந்நூறு அடி போர்.
காவலுக்கிருக்கும் செவந்தியப்பன்
நான் சொல்லாமலே
ஐந்து நிமிஷம் மோட்டாரை ஓடவிட்டார்.
"ரிப்போர்ட்டு யாருக்கும்மா?
அவுகள்லாம் பினாங்குல இருக்காக.
குடிக்கிறது நான் ஒருத்தன்."
படிவத்தில் 'பயனாளிகள் எண்ணிக்கை' என்ற கட்டத்தில்
ஒன்று என்று எழுதினேன்.

பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று தடவை அலச வேண்டும்.
பிறகு பிடித்து, மூடி, நேரம் எழுதி, ஒட்டி.
ஆய்வகத்தில் சிவப்புச் சாயம் விடுவோம்.
ஃப்ளோரைடு கூடக்கூடச் சாயம் வெளிறும்.
எங்கள் தெருக் குழாய்க்கு
மாதிரி எண் நாற்பத்தொன்று.
வெளிறிக்கொண்டே போனது.
இரண்டு புள்ளி ஆறு.
ஒன்றரைக்கு மேல் கூடாது.
மறுபடி செய்தேன். இரண்டு புள்ளி ஆறு.
'பரிசோதித்தவர்' என்ற இடத்தில்
இ. அழகுமீனாள் என்று கையெழுத்திட்டேன்.
கை நடுங்கியது என்று எழுதினால் பொய்.
பசித்தது.

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன்.
"அதுக்குத்தானே காவிரித் தண்ணிய
குடிக்கன்னு தனியாப் பிடிச்சு வைக்கிறோம்."
மூணு நாளைக்கு ஒருதரந்தானே வருது?
"வராதன்னிக்கு இது."
தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கேட்டாள்:
"ஒனக்குப் பல்லு மொளைக்கையில
இந்த மிஷினெல்லாம் எங்க இருந்துச்சு?"

காரைக்குடியில்தான் அம்மா.
மாடியில், உறை போட்டு.
இருபத்திரண்டு கிலோமீட்டர்.
வண்டியில் வந்து ஒரு பாட்டில் பிடித்துப்போக
ஆளில்லை.

நாளைக்கு ஏழு ஊர்.
பெட்ரோல் பணம் இன்னும் வரவில்லை.