கடைசி ஆள்

கப்பலூர் நூல் மில். ரெண்டு ஷிப்டுக்கு நடுவே
நாற்பது நிமிடம் தந்திருந்தார்கள்.
பிரேக்கரை இறக்கிப் பூட்டினேன்.
பூட்டில் தொங்கும் அட்டையில் என் பெயர், பாண்டீஸ்வரி.
சாவி சட்டைப்பையில்.

"நம்ம ஆளுகதான தாயி இருக்கோம், பூட்டு எதுக்கு?"
என்றார் மேஸ்திரி சோணைமுத்து.

மீட்டரின் முனைகளை வைத்தேன்.
இருநூற்று முப்பது.
யூபிஎஸ்ஸிலிருந்து எவரோ எப்போதோ இழுத்த வயர்,
வரைபடத்தில் இல்லாதது.
அதன்பின் அவர் பேசவில்லை.
டார்ச்சை மட்டும் ஆடாமல் பிடித்தார்.

அதையும் இறக்கி, மறுபடி வைத்தேன்.
பூஜ்யம்.

ஏழாவது மாட்யூல் டக்கென்று உட்கார்ந்தது.
ஏ-க்குப் பச்சை. பி-க்குச் சிவப்பு.
மோட்டார் கேபிளிலிருந்து ஒரு முழம் தள்ளி.
உரித்த கவச வலையில்
அதற்குள் பஞ்சு படிந்திருந்தது;
ஊதிவிட்டு கிளாம்பில் அழுத்தினேன்.

கரண்ட் கொடுத்தால்
ஆறு பச்சை, ஏழு மட்டும் சிவப்பு.
முகவரி சரி. திருகுகள் சரி.
வியர்வை கண்ணில் இறங்கியது.
வெளியே ரிங் ரோட்டில் ஒரு லாரி
ஹாரனை விடாமல் அடித்தபடி போனது.

பிறகுதான் பார்த்தேன்,
ஆறாவதின் கனெக்டரில் அந்தச் சின்ன சுவிட்ச்.
நேற்றுவரை வரிசையின் முடிவு அதுதான்.
இன்னமும் தானே கடைசி என்று
கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறது.
சொல் அதைத் தாண்டிப் போகவேயில்லை.

மறுபடி இறக்கணும் என்றேன்.
பூட்டை எடுத்து நீட்டினார் சோணைமுத்து.
"மீட்டரும் வச்சுப் பாரு" என்றார்.

ஆறில் அணைத்து, ஏழில் போட்டேன்.
பச்சை.
இன்னும் நான்கு நிமிடம் மிச்சம்.
அந்தப் பெயரில்லாத வயருக்கு
ஓர் அட்டை கட்டினேன்.