புள்ளி நாலு மூணு

ஞாயிறு நின்றால் திங்கள் செத்திருக்கும்.
வண்டியின் வழக்கம் அது.
சாவியைத் திருகினால் டிக், டிக்,
பல்லி சகுனம் சொல்கிற மாதிரி.
ஆறரைக்குப் புதுவயலில் நின்று
ரத்தம் எடுக்க வேண்டியவள்
கோட்டையூர் விலக்கில் பஸ்ஸுக்குக் கை காட்டுவேன்,
இடுப்பில் ஐஸ் பெட்டி.

இரண்டாயிரத்து ஒன்று மாடல் ஜென். மூன்றாம் கை.
தேவகோட்டை சவரிமுத்து சார்
ஐம்பத்தெட்டாயிரத்தை எண்ணி முடித்தபின் சொன்னார்:
"சின்னச் சின்ன கரண்ட் வேலை இருக்கும்மா."
இடது இண்டிகேட்டர் போட்டால்
வைப்பர் ஒரு தரம் எழுந்து பார்த்துவிட்டுப் படுக்கும்.
பிரேக்கை மிதித்தால் பின்னால்
எரியக்கூடாததெல்லாம் மங்கலாய் எரியும்.
அது எர்த். விளக்குக்கு அடியில்
துருவேறிய ஒரே ஒரு போல்ட்.
உப்புத்தாளால் தேய்த்தேன், தீர்ந்தது.
திங்கள்கிழமைதான் தீரவில்லை.

பேட்டரியை ஆராயவே
ஒரு பெரிய வளாகம் இருக்கிற ஊர் காரைக்குடி.
எனக்கு வாய்த்தது செக்காலை ரோட்டு ரஹ்மத்துல்லா.
"முகூர்த்தம் முடியட்டும்க்கா" என்கிறார்,
ஆடி பிறந்து பத்து நாள் ஆன பிறகும்.

முந்நூற்றைம்பதுக்கு ஒரு மீட்டர் வாங்கினேன்.

தெரு நீளத்துக்கும் ஒரே வீட்டுச் சுவர். பூட்டிய வீடு.
உள்ளே எங்கோ ஒரு குண்டு பல்பு மட்டும்
இரவும் பகலும் எரியும்.
பில்லை யார் கட்டுகிறார்களோ.
அந்தச் சுவரோரம் பானட்டைத் தூக்கி
மைனஸ் கேபிளைக் கழற்றி
நடுவில் மீட்டரை மாட்டினேன்.
டார்ச் பிடிக்க உடையப்பன்.
"வித்துத் தொலை" என்று அவர் சொல்லி,
அதற்கு நான் ஒன்று சொல்லி,
மூன்று நாளாய் வீட்டில் மிக்ஸி மட்டும்தான் பேசுகிறது.

அவர் முன்னால். நான் உள்ளே,
ஸ்டியரிங்குக்கு அடியில் தலைகீழாக,
கதவு சுவிட்சை டேப் ஒட்டி அமுக்கிவிட்டு.
நடுவே திறந்த பானட்.
முகம் தெரியாது. குரல் மட்டும்.
"புள்ளி நாலு மூணு."

சிவப்பு ஃபியூஸ் ஒன்றைப் பிடுங்கினேன்.
"புள்ளி நாலு மூணு."
நீலம். மஞ்சள். ஹாரனுடையது.
"அதே."
"அதேதான்."
ரேடியோவுடையதை எடுத்தபோது
"நாலு ஒண்ணு" என்றார், குரல் கொஞ்சம் நிமிர்ந்து.
திரும்பச் சொருகினேன். அந்த இரண்டு அல்ல நான் தேடுவது.
எல்லா ஃபியூஸும் பார்த்தாயிற்று.
ஃபியூஸுக்கே தெரியாமல் யாரோ குடிக்கிறார்கள்.

பிளஸ் முனையில் ஒரு வயர் கூடுதலாய் இருந்தது,
கறுப்பு டேப் சுற்றி, நல்ல பிள்ளை மாதிரி.
அவர்தான் பார்த்தார். சொல்லவில்லை,
டார்ச்சை அங்கேயே நிறுத்திக்கொண்டார்.
அது தகரத்துளை நுழைந்து, கார்ப்பெட்டுக்கு அடியில் ஊர்ந்து
டேஷ்போர்டின் பின்னே
சோப்புப் பெட்டி அளவு ஒரு பெட்டிக்குள் போனது.
தொட்டேன். சூடு.
திருட்டு அலாரம்.
சைரனை யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்;
வெட்டிய நுனிகள் இரண்டும் வாய்திறந்து கிடந்தன.
கத்தத் தொண்டை இல்லாமல்
இத்தனை வருடம் காவல்,
சம்பளத்தை மட்டும் தினமும் எடுத்துக்கொண்டு.

வயரைப் பிளஸ்ஸிலிருந்து கழற்றினேன்.

"புள்ளி பூஜ்யம் ரெண்டு."
அப்புறம், எண்ணாக இல்லாத ஒரு வாக்கியம்:
"அந்த ரெண்டு எதுக்கு?"
"கடிகாரத்துக்கு. ரேடியோ ஸ்டேஷனை மறக்காம இருக்க.
அவ்வளவு போகலாம்."
"போகலாமா?"
"போகலாம்."

கேபிளை முடுக்கினேன்.
கடிகாரம் ஒரு மணி, ஒரு மணி என்று
கண்சிமிட்டியது. மணி பதினொன்றே கால்.
அவர் சுற்றி வந்து என் மடிக்குக் குறுக்கே குனிந்து
போனைப் பார்த்துப் பார்த்து
பேனா நுனியால் அமுக்கிக்கொண்டிருந்தார்.
ஒரு நிமிடம் தாண்டிப் போய்விட்டது;
மறுபடி முழுச் சுற்று.

இண்டிகேட்டரைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.
திங்கள் வரட்டும்.