எழுத்துக்கு எட்டணா

சவரி பேண்டின் பெரிய டிரம்மில்
முதன்முதலாகப் பெயர் எழுதியவன் நான்.
ச, வ, ரி, பே, ண், டு.
எழுத்துக்கு எட்டணா, மூன்று ரூபாய் ஆச்சு என்றேன்.
சவரிநாதன் குனிந்து ண்-ஐத் தொட்டுப் பார்த்தார்.
வார்னிஷ் காயவில்லை, விரல் தடம் விழுந்துவிட்டது.
"இது அரை மாத்திரை. நாலணாதான்."
இரண்டே முக்கால் ரூபாய் எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

எலத்தகிரிக்காரர்.
சண்டைக் காலத்தில் பெங்களூர் தண்டில் கிளாரினெட்.
வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஆடுகிற கூடத்தில்
எவனுக்கோ அம்மை போட்டு
இவரைப் பின்வரிசையில் உட்காரவைத்தார்களாம்,
பதினோரு இரவு.
பன்னிரண்டாம் இரவு அம்மைக்காரன் எழுந்து வந்துவிட்டான்.
"அதான்டா நான் படிச்ச காலேஜ்" என்பார்.

படித்ததைக் கிருஷ்ணகிரியில் இறக்கினார்.
லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற தஸ்தகீருக்கு டிரம்பெட்.
மாங்காய் மண்டியில் கூடை எண்ணும் முனிரத்தினத்துக்கு டிரம்.
மொத்தம் பதினாறு பேர், ஒன்பது ஜோடி பூட்ஸ்.
நெட்டெழுத்தொன்று, குற்றெழுத்தொன்று,
நடுவில் கால் தூக்கிக் காத்திருக்க ஒரு புள்ளி.
"ஊரெல்லாம் எழுத்தை வாசிக்குது.
நீங்க புள்ளியை வாசிங்க."

முனிரத்தினம் மண்டிக் கணக்கில்தான் ஆரம்பிப்பான்:
லாபம், ரெண்டு, மூணு, நாலு.
லாபத்தில் எவனும் கை தட்டக்கூடாது, சவரிநாதனின் சட்டம்.
ரெண்டில் தட்டு. நாலில் தட்டு.
முதல் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஏறிய குதிரை
எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியாமல்
பழையபேட்டை முக்கில் அப்படியே நின்றுவிட்டது.
பெண்வீட்டார் பாதிப் பணம்தான் கொடுத்தார்கள்.
மறு முகூர்த்தத்தில் குதிரை ஆடியது.
பிறகு குப்பம், திருப்பத்தூர், அரூர்.
கோலார் தங்கவயலில் கிறிஸ்துமஸ் இரவு
துரைமார் கிளப்பில் மூன்று தடவை திரும்ப வாசிக்கச் சொன்னார்களாம்.
அந்த வருடம் டிரம்முக்குத் தங்க நிறம் அடித்தேன்.
ண்-க்கு அப்போதும் நாலணாதான்.

எழுபத்திரண்டில், மாங்காய் சீசன் நடுவில்,
ஒரு பாட்டின் புள்ளியில் நின்றவர்
அடுத்த எழுத்துக்கு வரவில்லை.

சட்டைகளை மருமகன் தேவசகாயம் எடுத்துக்கொண்டான்.
நொட்டேஷன் நோட்டுகளை தஸ்தகீர்.
ஆட்களை முனிரத்தினம்.
ஒரே மாதத்தில் என் கடைக்கு மூன்று டிரம் வந்தது.
அசல் சவரி பேண்டு.
ஒரிஜினல் சவரி பேண்டு.
பழைய சவரி பேண்டு.
எனக்கென்ன, எழுத்துக்கு எட்டணா.

வழக்கு முன்சீப் கோர்ட்டுக்குப் போனது. நான் சாட்சி.
"இதில் எது உண்மையான எழுத்து?"
"மூணுமே என் கைதானுங்க."
சிரித்தவர்களை வெளியே அனுப்பினார் நீதிபதி.
வாய்தா, வாய்தா, வாய்தா.
பிறகு கட்டு எங்கே போனதென்று குமாஸ்தாவுக்கே தெரியாது.

ஒரு வைகாசி. பெரிய முகூர்த்தம்.
ஐந்து ரோடு ரவுண்டானாவில்
மூன்று ஊர்வலம், மூன்று சவரி பேண்டு,
நடுவில் தர்மபுரி பஸ்.
எவனும் வழி விடவில்லை.
தேவசகாயம் காது கிழிய வாசித்தான்.
தஸ்தகீர் நோட்டைப் பார்த்து, நோட்டில் இருந்தபடி.
முனிரத்தினம் இருவரையும் அமுக்க அடித்தான்.
மூன்று பாட்டும் வேறு வேறு. சகிக்கவில்லை.
ஆனால் மூன்றும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கின.
அரை மாத்திரை.
அதற்குள் பஸ் கண்டக்டர் தகரத்தில் தட்டினான்,
ரெண்டில் ஒன்று, நாலில் ஒன்று.
அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

சமாதானம் ஒன்றும் ஆகவில்லை.
அன்றிரவு இரண்டு டிரம்மின் தோல் கிழிந்தது, அவ்வளவுதான்.
மறுநாள் இருவரும் தனித்தனியாக வந்தார்கள், பெயர் எழுத.
ண்-க்கு எவ்வளவு என்று
இருவரும் கேட்கவில்லை.
நாலணா குறைத்தே கொடுத்தார்கள்.